குற்றம் குருதியிலா, குதிரையிலா?

பொறி பழுதுபட்டால் திருப்புளியைத் தேடுகிறோம். மனிதன் முயற்சி பழுதுபட்டால் மட்டும் அவன் பிறந்த நேரத்தைத் தேடுகிறோம். பிறந்த வீட்டைத் தேடுகிறோம். பாட்டன் பெயரைத் தேடுகிறோம். இசை என்று வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டுவதில்லை. "அது இரத்தத்தில் ஊறியிருக்கவேண்டும்" என்றொரு வாசகம் ஆயத்தமாக இருக்கிறது. சொல்வதற்கு எளிது; செலவு இல்லை; மெய்ப்பிக்கவேண்டிய தொல்லையும் இல்லை. அந்த ஒரே வாசகம் எத்தனை ஏழைப் பிள்ளைகளின் கைகளிலிருந்து எத்தனை கருவிகளைப் பறித்துப் பரண்மேல் போட்டிருக்கிறது என்பதற்குத்தான் கணக்கு இல்லை!

குருதியைச் சோதிக்குமுன் கருவியைச் சோதியுங்கள். இதுவே என் வேண்டுகோள். வெறும் உபதேசமாக இதைச் சொல்லவில்லை. எங்கள் ஓசூரில், என் கையால் அளந்து பார்த்த ஒரு மின்கிட்டாரைச் சான்றாக வைத்துச் சொல்கிறேன்.

ஓசூரை அறிந்திருப்பீர்கள். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கன்னட நாட்டின் வாயிற்படியில் நிற்கும் ஊர். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்பால் பெங்களூரு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து உரையாடும். ஒருபுறம் ரோசாத் தோட்டம். மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டை. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே சின்னஞ்சிறு படிகம் ஒன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பாதியாக்குங்கள், மீண்டும் பாதியாக்குங்கள், இவ்வாறு 15 முறை பாதியாக்கினால் எஞ்சுவது ஒன்றே ஒன்று! அதுவே வினாடி முள்ளின் நடை. அதிர்வு பாதியாவதை இசைவாணர் ஒரு ஸ்தாயி இறங்குதல் என்பர். ஆக, கடிகாரமும் கிட்டாரும் ஒரே கணக்கு ஈன்ற இரு பிள்ளைகள் அல்லவா?

துளையொன்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் பண்டத்தைத் திருப்பியனுப்பும் ஊர் இது. ஆனால் என் சொல்வது! தொழிற்சாலை வாயிலுக்குள்ளே மைக்ரான் கணக்குப் பார்க்கும் நாம், வாயிலைத் தாண்டியதும் எலுமிச்சம்பழக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்!

நான் ஒரு டூல் ரூமில் ஃபிட்டர். பகலில் அச்சுகளை அளப்பது தொழில். மாலையில் கிட்டார்களைச் செப்பனிடுவது விருப்பம். அந்த விருப்பத்தை அறிந்து ஒரு நாள் மாலை ஓர் இளைஞன் வந்தான். வயது பதினெட்டிருக்கும். தந்தை வார்ப்படப் பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளி. தந்தையின் ஓவர்டைம் கூலியும் தனயனின் சேமிப்பும் சேர்ந்து, பெங்களூரில் வாங்கிய பழைய மின்கிட்டார் ஒன்று அவன் தோளில் தொங்கிற்று. கைப்பேசியைப் பார்த்தே பயின்று, மெல்லிசைக் குழுவொன்றிலும் இடம் பெற்றுவிட்டான்.

வந்தவன் சொன்னது இதுதான்: "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை இதை விற்றுவிடப் போகிறேன். நல்ல விலை கிடைக்கும்படி கொஞ்சம் துடைத்துக் கொடுங்கள்."

ஏன் விற்கவேண்டும்? கேட்டேன். கதை வெளிவந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு திருமண மண்டபம். எல்லாக் கருவிகளும் ஒரு பக்கம் போக, இவன் கிட்டார் மட்டும் தனியே அழுதது. கழுத்தின் தலைப்பக்கம் வாசித்தால் கசப்பு. உடற்பக்கம் நகர்ந்து வாசித்தால் அதனினும் கசப்பு. குழுவின் மூத்தவர் ஒருவர், "இது ராசி கெட்ட கருவி, முன்னர் வைத்திருந்தவனுக்கு என்ன நேர்ந்ததோ!" என்று கூறி, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிளந்து கம்பிகளின்மேல் தேய்த்தாராம். கண்ணேறு கழிந்ததோ இல்லையோ, கம்பியில் துரு ஏறிற்று! புளித்த சாறு எஃகை என்ன செய்யும் என்பதற்கு மந்திரம் தெரிய வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு அறிவியல் போதும்.

அதற்கும் பிறகு ஓர் இசை ஆசிரியரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அவர் இரண்டு நிமிடம் கேட்டார். கருவியைத் தொடவில்லை. "உன் பாட்டன் என்ன வாசித்தான்?" என்றார். "பறை வாசித்தார்" என்றான் இவன். ஆசிரியர் சிரித்தார். "அதுதான் செய்தி. உனக்குக் காது இல்லை, தம்பி. இது பரம்பரையாக வரவேண்டியது" என்று கூறி அனுப்பிவிட்டார்.

தோழர்களே, அந்தச் சிரிப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! பறையின் தோலைத் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, ஓசை ஏறும் பதம் அறிந்து கையிலெடுப்பவன் பறைக் கலைஞன். வெப்பம் சற்றுக் குறைந்தால் ஓசை மந்தமாகும்; மிகுந்தால் தோல் கிழியும். அந்த இடைவெளியைக் காதினால் மட்டுமே அளக்கிறான். அவனுடைய பேரனுக்குக் காதில்லையாம்! தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், சாட்சியைத்தான் விசாரிக்கவில்லை.

"விற்பதைப் பிறகு பார்ப்போம்; முதலில் அளப்போம்" என்றேன்.

எதை அளப்பது? முதலில் அவன் காதை! கருவி எதுவும் துணையின்றி, ஆறு கம்பிகளையும் சுருதி சேர்க்கச் சொன்னேன். முதற் கம்பிக்கு மட்டும் ஓர் ஓசையைக் கொடுத்தேன்; மற்றவற்றை அவனே சேர்த்தான். பிறகு டியூனரை இணைத்தேன். முள் ஆறு முறையும் நடுவிலே நின்றது. அடுத்து 12ஆவது மெட்டின் நேர்மேலே விரலை ஒற்றி எடுத்து ஹார்மோனிக் ஓசையை எழுப்பினேன். முள் நடுவில். அதே மெட்டில் கம்பியை அழுத்தி மீட்டினேன். முள் மேலேறுவதற்கு முன்னரே அவன் முகம் சுளித்தது!

அந்தச் சுளிப்பைக் கவனிக்கவேண்டும். பிழை கேட்கிறது என்றால் காது இருக்கிறது என்று பொருள். காதில்லாதவனுக்கு அது இனித்திருக்குமே! இவன் துன்பமெல்லாம் காதில்லாமையால் வந்ததன்று. காது இருந்தமையால் வந்தது.

இனிக் கருவியின் வழக்கு. கம்பி எந்தச் சட்டப்படி பாடுகிறது? நீளம் பாதியானால் அதிர்வு இருமடங்கு. இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வு இருமடங்கு. எடை மிகுந்தால் அதிர்வு குறையும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் இவற்றை வகுத்துரைத்தார். அவருக்கும் முன்னே ஒரு சுவையான செய்தி உண்டு. கொல்லன் பட்டறையில் சம்மட்டி ஓசையைக் கேட்ட பித்தாகரஸ், கம்பிகளில் எடைகளைத் தொங்கவிட்டு, எடை இருமடங்கானால் ஒரு ஸ்தாயி ஏறும் எனக் கண்டதாக ஒரு கதை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்புலவர்கள் அதை ஏட்டுக்கு ஏடு எழுதிவைத்தனர். ஒருவராவது ஒரு கம்பியை எடுத்து ஓர் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தாரா? 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வின்சென்சோ கலிலி என்ற இத்தாலிய லூட் இசைஞர் தொங்கவிட்டுப் பார்த்தார். இருமடங்கு போதவில்லை, நான்கு மடங்கு தேவைப்பட்டது. ஒரு கம்பியும் நான்கு கற்களும் ஆயிரம் ஆண்டு ஏடுகளைப் பொய்யாக்கிவிட்டன! அந்தத் தந்தையின் மகன்தான், பின்னாளில் தொலைநோக்கியால் வானை நோக்கிய கலிலியோ.

இந்தச் சட்டத்தை மின்கிட்டாருக்குப் பொருத்துவோம். 648 மில்லிமீட்டர் நீளக் கம்பி என்றால் 12ஆவது மெட்டு 324இல், சரிபாதியில் நிற்கும். அங்கே அழுத்தினால் ஒரு ஸ்தாயி ஏறவேண்டும். ஆனால் அழுத்தும்போது என்ன நிகழ்கிறது? கம்பி மெட்டை நோக்கிக் கீழே வளைகிறது. வளைவதால் சற்றே நீள்கிறது. நீள்வதால் இழுவிசை கூடுகிறது. ஓசை வேண்டியதைவிட உயர்ந்துவிடுகிறது. கம்பியின் விறைப்பும் இதில் பங்கு கொள்கிறது. ஆகவே ஏட்டுக் கணக்கு சொல்லும் நீளத்தைவிடச் சற்று அதிக நீளம் கொடுத்தால்தான் ஓசை சரியாகும். எல்லாக் கம்பிக்கும் ஒரே அளவு கொடுக்கலாமா என்றால், கூடாது. பருத்த கம்பி அதிகம் கேட்கும். மெலிந்தது குறைவாகக் கேட்கும். அதற்காகவே, வீணையில் நாம் குதிரை என்று சொல்கிறோமே, அந்த இடத்தில் மின்கிட்டாரில் பிரிட்ஜ் என்ற அமைப்பும், அதன்மீது ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே முன்னும் பின்னும் நகரக்கூடிய சேடில் என்ற சிறு தாங்கியும் வைத்தார்கள். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலேயே ஆறு கம்பிக்கும் ஆறு சேடில்கள் உண்டு.

இளைஞனின் கிட்டாரில் அந்த ஆறும் எப்படி நின்றன தெரியுமா? ஒரே நேர்கோட்டில், காவலர் அணிவகுப்புப் போல! முன்பு வைத்திருந்தவரோ, விற்றவரோ, பார்வைக்கு அழகாயிருக்கட்டும் என்று வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். கண்ணுக்கு ஒழுங்கு, காதுக்கு அநீதி. தேவை வேறுபடும் இடத்தில் ஒரே அளவை எல்லாருக்கும் வழங்கிவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டுவோர் இன்றும் உண்டல்லவா? அந்தச் சமத்துவத்தின் ஓசை எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் அன்று அந்தக் கிட்டாரைக் கேட்டிருக்கலாம்.

உடனே சேடிலைத் திருகத் தொடங்கிவிடக்கூடாது. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன; அடியிலிருந்து வரவேண்டும். முதலில் கம்பி. நம் பழந்தமிழர் யாழ் நரம்பின் குற்றங்களாக மயிர், தும்பு, முறுக்கு, கொடும்புரி எனப் பெயரிட்டு வகுத்துவைத்தனர். சுருதி சேர்த்தலைப் பண்ணல் என்றனர். சேர்ந்ததா எனப் பார்த்தலை ஆராய்தல் என்றனர். நரம்பைத்தான் குறை கூறினர். மீட்டுவோன் நட்சத்திரத்தை அன்று! துருப்பிடித்த கம்பி எங்கும் ஒரே எடையுடன் இராது. அது எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. பழையவற்றைக் களைந்து, 0.010 அங்குலம் முதல் 0.046 அங்குலம் வரையுள்ள புதிய தொகுதியைப் பூட்டினோம். முறுக்காணியில் இரண்டு மூன்று சுற்று மட்டும் விட்டு, கையால் இழுத்து இழுத்துத் தளர்வைப் போக்கினோம். புதுக்கம்பி சுருதி இறங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தளர்வே.

அடுத்தது கழுத்து. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமாக அதை இழுக்கின்றன. மரமோ காற்றின் ஈரத்துக்கேற்ப உப்பும், சுருங்கும். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது மெட்டருகே ஃபீலர் கேஜைச் செருகினேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. கழுத்தினுள்ளே ஓடும் ட்ரஸ் ராடை ஆலன் கீயால் கால் சுற்று, மீண்டும் கால் சுற்று எனத் திருகி, 0.25 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். இரண்டொரு மெட்டுகள் தலை தூக்கி நின்றன. கிருஷ்ணகிரிக் கிரானைட் துண்டொன்று என்னிடம் உண்டு. மெருகேற்றிய அதன் சமதளத்தில் எமரித் தாளை ஒட்டி அவற்றைச் சமன் செய்தோம். மெட்டு சரியில்லையேல் மெட்டு எங்ஙனம் சரியாகும்?

மூன்றாவது, தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் நட் என்ற கட்டை. அதன் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தன. ஆகவே முதல் மெட்டில் அழுத்தும்போதே கம்பி அதிகமாக வளைந்தது. ஓர் அரைச்சுரத்தை 100 கூறாக்கினால் ஒரு கூறுக்குச் செண்ட் என்று பெயர். முதல் மெட்டில் 15 செண்ட் ஏறியிருந்தது. சேடிலை எவ்வளவு நகர்த்தினாலும் இந்தக் குற்றம் தீராது. மெல்லிய அரத்தால் சிறிது சிறிதாக அராவினோம். பள்ளத்தில் கம்பி சிக்கி, முறுக்கும்போது 'டிக்' என்று குதித்தது; பென்சில் முனையைத் தேய்த்தோம். கரிப்பொடி உயவாயிற்று, குதிப்பு நின்றது. எலுமிச்சம்பழத்தால் ஆகாதது ஒரு பென்சிலால் ஆயிற்று!

பிறகே சேடில்கள். 12ஆவது மெட்டின்மேல் பருத்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 1.6 மில்லிமீட்டர் என உயரத்தை நிறுத்திவிட்டு, நீளத்துக்கு வந்தோம். விதி எளிது. அழுத்திய ஓசை ஹார்மோனிக்கைவிட உயர்ந்திருந்தால் கம்பி குட்டை. சேடிலைப் பின்னே தள்ளு. தாழ்ந்திருந்தால் கம்பி நெட்டை; முன்னே கொண்டுவா. ஒவ்வொரு திருகலுக்குப் பின்னும் சுருதியை மீளச் சேர்த்துப் பார். ஒரு செண்ட் பிழைக்கு ஏறத்தாழ 0.37 மில்லிமீட்டர் நகர்த்தல் என்று கணக்கு வருகிறது. ஆறாம் கம்பி 8 செண்ட் ஏறியிருந்தது. 3 மில்லிமீட்டர் பின்னே சென்றதும் முள் நடுவிலே நின்றது. ஆறிலிருந்து நான்குவரை சேடில்கள் படிப்படியாக முன்னே வந்தன. மூன்றாம் கம்பி மட்டும் மீண்டும் சற்றுப் பின்வாங்கிற்று. "இது ஏன் அண்ணே?" என்றான். நான்காம் கம்பியின் மேலே சுருள் சுற்றியிருக்கிறது, உள்ளே இருப்பது மெல்லிய கம்பிதான்; மூன்றாவது சுற்று இல்லாத முழுத் தடிப்பு, ஆதலால் அதிகம் விறைக்கிறது என்று விளக்கினேன். இறுதியாக, காந்தம் பொதிந்த பிக்கப் பருத்த கம்பிகளுக்கு மிக அருகில் நின்று அவற்றை இழுத்து நடுங்கச் செய்தது, அதையும் இறக்கினோம். மூன்று மாலைகளில் வேலை முடிந்தது. ஆறு கம்பியும் இரண்டு செண்டுக்குள் அடங்கின.

கிருஷ்ணகிரி மண்டபத்தில் சுருதி இறங்கியதற்கும் காரணம் சொன்னேன். ஓசூரின் விடியற்காலைக் குளிரில் சேர்த்த கம்பி, கீழே இறங்கி நண்பகல் வெப்பத்திலும் மேடை விளக்கிலும் நிற்கும்போது நீள்கிறது, தளர்கிறது, தாழ்கிறது. அது இராகு காலத்தின் கொடுமையன்று, எஃகின் இயல்பு. மேடைக்குப் போய்ச் சிறிது நேரம் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு, அங்கேயே சுருதி சேர்த்தால் தீர்ந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கார்டை மீட்டிப் பார்த்தவன், தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணே, இதன் நடுச்சுரம் இன்னும் கொஞ்சம் ஏறி நிற்பதுபோல் இருக்கிறதே?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். காதில்லை என்று தீர்ப்பளிக்கப்பட்டவன் கேட்கும் கேள்வியா இது! அவன் சுட்டியது கருவியின் பிழையன்று. கிட்டார்களுக்குப் பொதுவான உடன்படிக்கை. இயற்கை விகிதப்படி அந்தச் சுரம் 386 செண்டில் நிற்கும்; கிட்டாரில் 400இல் நிற்கிறது. ஏறத்தாழ 14 செண்ட் மிகை. ஒரு ஸ்தாயியை 12 சமபங்காக வகுத்தால்தான் எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் வாசிக்க முடியும். அதற்காக ஒவ்வோர் இசைவும் தன் இனிமையில் சிறிது விட்டுக்கொடுக்கிறது. நம் கலிலி 1581இலேயே, நீளத்தை 18 ஆல் வகுத்து மெட்டுவைக்கும் வழியை எழுதினார். 648 மில்லிமீட்டர் கம்பிக்கு முதல் மெட்டு 36இல் வரும். இன்று 17.817 ஆல் வகுக்கிறோம், 36.37இல் வருகிறது.

இதே ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவர் உண்டு. தஞ்சையில் சித்த மருத்துவராய் விளங்கிய ஆபிரகாம் பண்டிதர். 22 சுருதி என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்ததை அப்படியே ஏற்காமல், கணக்குப் போட்டுப் பார்த்தார். சமபங்கீடே பழந்தமிழர் இசையின் அடிப்படை என்று வாதிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கருத்தை எடுத்துரைத்தார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். அவர் முடிபுகளை மறுப்போரும் இருந்தனர், இன்றும் உள்ளனர். இருக்கட்டும்! எண்ணுக்கு எண் வைத்து மறுக்கட்டும்! அதுதான் அறிவுலகின் வழக்கு. பாட்டன் யார் என்று கேட்டுச் சிரிப்பது வழக்கன்று, வம்பு.

கிட்டார் விற்கப்படவில்லை. அந்த இளைஞன் இன்றும் குழுவில் வாசிக்கிறான். ஆசிரியரிடம் போய் மெய்ப்பிக்கவேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு எழவில்லை. எழவேண்டிய தேவையும் இல்லை. சிப்காட் குடியிருப்புகளில் கருவி வைத்திருக்கும் பிள்ளைகள் இப்போது அவனிடம் வருகிறார்கள். ஃபீலர் கேஜை அவர்கள் கையில் கொடுத்து, "நீயே அளந்து பார்" என்கிறானாம்.

இளைஞர்களே! உங்களிடமும் ஒரு நாள் எவரேனும் வந்து, "இது உனக்கு வராது, உன் பிறப்பில் இல்லை" என்பார். கணக்கு வராது என்பார்; ஆங்கிலம் வராது என்பார்; இசை வராது என்பார். சினங்கொள்ள வேண்டாம், தலை குனியவும் வேண்டாம். எதை வைத்து அளந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அளந்தவர் அளவைக் காட்டுவார்; அவரிடம் கற்றுக்கொள்ளலாம். அளக்காதவர் பாட்டனைக் காட்டுவார். அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. குருதியில் சுருதி இல்லை. சுருதி நீளத்தில் இருக்கிறது, இழுவிசையில் இருக்கிறது, எடையில் இருக்கிறது. அவற்றைச் சேர்க்கும் கையில் இருக்கிறது. அந்தக் கை எந்தத் தெருவில் பிறந்தது என்று எந்தக் கம்பியும் இதுவரை கேட்டதில்லை!